இரண்டாம் சாவி யாரிடம்?

பாதுகாப்புப் பெட்டகத்தைத் திறக்க வரும் வாடிக்கையாளர் சிலர், “என் பெட்டகத்திற்கு உங்கள் சாவி எதற்கு?” என்று எங்களிடம் வினவுவதுண்டு. முழு அதிகாரமும் ஒரே கையில் சேரலாகாது என்பதே விடை. இவ்விதி வங்கிகளுக்கு மட்டும் உரியதன்று. இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொரூபா மக்கள், தம் பழைய ஆட்சிமுறையிலேயே இதனைக் கையாண்டனர்.

18ஆம் நூற்றாண்டில் அவர்தம் அரசுகளுள் வலிமை மிக்கது ஓயோ. அதன் மன்னரை ‘அலாஃபின்’ என்பர். அரண்மனைக்கு உரியவர் என்பது பொருள். அவரைத் தேர்ந்தெடுத்தது ‘ஓயோ மேசி’ என்னும் எழுவர் அவை. மன்னர் நெறி தவறின், அவைத் தலைவரான பஷோருன் அவரை நிராகரிக்கலாம். வெற்றுச் சுரைக்குடுவை அல்லது கிளி முட்டைகள் அதன் அடையாளமாக அனுப்பப்படும். அதைப் பெற்ற மன்னர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள வேண்டும். இதன் கொடுமை நாம் ஏற்கத்தக்கதன்று. எனினும் மன்னரும் விதிக்கு உட்பட்டவரே என்னும் கருத்து எண்ணத்தக்கது. எழுவர் அவையின் அதிகாரத்துக்கும் ‘ஒக்போனி’ என்னும் மூத்தோர் சங்கம் வரம்பாக நின்றது. தலைமைப் படைத்தளபதியான ககான்ஃபோவோ, தலைநகரில் வாழாமல் வெளியூரில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

இத்தனை பூட்டுகள் இருந்தும் கதவு உடைந்தது. 1754 முதல் பஷோருனாக இருந்த காஹா, நிராகரிக்கும் உரிமையையே ஆயுதமாக்கி, மன்னர்களை ஒருவர்பின் ஒருவராக வீழ்த்தினார். தம் புதல்வர்களை ஊர்தோறும் அமர்த்தி, அரண்மனைக்குச் சேரவேண்டிய திறையை அவர்களே பெறுமாறு செய்தார். காசாளரே தம் கணக்கைத் தணிக்கை செய்வது போன்றது இது. எங்கள் தொழிலில் இருப்போர்க்கு அதன் முடிவைச் சொல்ல வேண்டுவதில்லை.

அடுத்து அரியணை ஏறிய அபியோதூன், வெளிக்குக் காஹாவிடம் பணிந்து நடந்து, மறைவாக அஜாசே என்னும் ஊருக்குச் சென்று ககான்ஃபோ ஓயாபியின் துணையைப் பெற்றார். 1774இல் காஹா வீழ்ந்தார். தளபதி தலைநகருக்கு வெளியே இருந்தமையால், அவர் காஹாவின் பிடிக்குள் இல்லை. அந்தப் பழைய ஏற்பாடே அரசைக் காத்தது என்பது நம் கருத்து.

அபியோதூன் 1789 வரை ஆண்டார். அவருக்குப் பின் வந்த அவோலே, 1796 வாக்கில் வெற்றுக் குடுவையைப் பெற்றார். இம்முறை ககான்ஃபோ பதவியில் இருந்த அஃபோஞ்சா, பஷோருனுடன் சேர்ந்துகொண்டார்.