பண்பாடும் செவிலியர் கல்வியும்

காய்ச்சல் எந்த நாட்டிலும் காய்ச்சல்தான். ஆயினும் நோயாளியைப் பேணும் செவிலியர் கல்வி எல்லா நாட்டிலும் ஒரே விதமாக வளரவில்லை. யார் படிக்க வரலாம், எங்கே தங்கலாம், எதைக் கற்க வேண்டும் என்பவற்றை அந்தந்த நாட்டின் பண்பாடே பெரிதும் முடிவு செய்தது.

ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் 1836ஆம் ஆண்டு பெண்களுக்கான பயிற்சி நிலையம் தோன்றியது. அங்கே மாணவியர் சமயத் தொண்டர்களாக ஓர் இல்லத்தில் கூடி வாழ்ந்து பயின்றனர். 1851இல் அங்குப் பயின்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். செல்வக் குடும்பத்துப் பெண்ணுக்கு இப்பணி தகாது என்று அவர் வீட்டாரே முன்பு தடுத்திருந்தனர். 1860இல் லண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பள்ளி தொடங்கியபோது, மாணவியர் இல்லமும் ஒழுக்கக் கட்டுப்பாடும் பாடத்துக்கு இணையாகப் போற்றப்பட்டன. பெற்றோர் நம்பி அனுப்ப அது வழியாயிற்று.

நம் நாட்டில் தடைகள் இன்னும் மிகுதி. இரத்தமும் மலசலமும் தீட்டு எனப்பட்டன. அந்நிய ஆடவரைத் தொட்டுப் பணி செய்வது இழுக்கு எனப்பட்டது. அதே வழக்கம் பெண் நோயாளிகளின் உயிரையும் குடித்தது. ஆண் மருத்துவரை அழைக்க வீட்டார் மறுத்ததால், திண்டிவனத்தில் பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டே ஐடா ஸ்கடர் மருத்துவம் பயின்றார். அவருடைய முயற்சியால் வேலூரில் 1909இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1946இல் அங்குப் பட்டப்படிப்பும் வந்தது.

நம் திருச்சபையிலும் ஒரு தடை இருந்தது. துறவியர் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் செய்யலாகாது என்பது அக்காலச் சட்டம். ஆஸ்திரேலிய மருத்துவரான மேரி குளோரி அம்மையார் 1920இல் குண்டூர் வந்து கன்னியரானார். திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றே மருத்துவம் செய்தார். 1936இல் ரோமாபுரி அத்தடையைத் தளர்த்தியது. அருட்சகோதரியர் அத்துறைகளைக் கற்க வாயில் திறந்தது.

பண்பாடு தடையாக மட்டுமா நிற்கிறது? நம் பக்கத்தில் நோயாளி தனியே கிடப்பதில்லை. தாயோ அக்காளோ கஞ்சியுடன் கட்டிலருகே இருப்பர். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் சொல்லப் பாட்டியும் வருவார். ஆதலால் இங்கே செவிலியர் மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. துணைக்கு இருப்பவருக்குப் பக்குவம் சொல்லவும், பாட்டியின் மனம் நோகாமல் தவறான பத்தியத்தைத் திருத்தவும் தெரிய வேண்டும்.

அன்புப் பெற்றோரே! "நர்சு படிப்பா?" என்று தயங்கும் வீடுகள் வாசுதேவநல்லூரிலும் இருக்கலாம். நைட்டிங்கேலின் வீடும் அப்படித்தான் தயங்கியது. தோழியரே! பண்பாடு கல்வியை உருவாக்குகிறது; கற்ற மகளிர் பண்பாட்டைத் திருத்துகின்றனர். அந்த வரிசையில் நாமும் நிற்போமாக!