எக்மோ பணிக்கு வந்திருக்கும் தங்கைக்கு



பச்சிளங்குழந்தைகளுக்கு எக்மோ பார்க்க வந்திருக்கிறாய். மிகவும் மகிழ்ச்சி. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் இந்த இயந்திரத்தைப் படிப்பதற்கு முன் பெற்றோரிடம் பேசப் பழகு. 2016இல் ஜெயலலிதா, 2020இல் எஸ்.பி.பி. என்று இரண்டு மரணங்களோடு சேர்த்துத்தான் நம் ஊரார் இந்தச் சிகிச்சையைக் கேள்விப்பட்டார்கள். "எக்மோ வைக்கணும்" என்றதும், "அவ்வளவுதானா?" என்று தகப்பன் உடைந்துபோவார்.

சிசுக்களின் கதை வேறு. வயிற்றுக்குள்ளேயே மலம் போய், அது கலந்த நீரை மூச்சோடு உள்ளிழுத்துத் திணறும் குழந்தையின் நுரையீரல், சில நாள் ஓய்வு கிடைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். 1975இல் கலிஃபோர்னியாவில் டாக்டர் ராபர்ட் பார்ட்லெட் எக்மோவால் காப்பாற்றிய முதல் சிசுவுக்கும் இதே நோய்தான். பிரிட்டனில் நடந்த ஆய்வு 1996இல் வெளியானது: வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 92 குழந்தைகளில் 54 இறந்தன, எக்மோ பிரிவில் 93இல் 30. இதைப் பெற்றோருக்கு விளக்கிச் சொல். ஆனால், உதரவிதானத்தில் துளையோடு பிறந்த குழந்தையின் பெற்றோருக்கு அதே தெம்பைக் கொடுத்துவிடாதே. அங்கே ஏறக்குறைய பாதிப் பேர்தான் பிழைக்கிறார்கள்.

மூன்று கிலோக் குழந்தையின் உடம்பில் இருப்பதே சுமார் 250 மில்லி ரத்தம். எக்மோ குழாய்களை நிரப்பவே கிட்டத்தட்ட அவ்வளவு ரத்தம் தேவைப்படலாம். அது யாரோ தானம் தந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் குறைந்தால் குழாயில் உறையும், கூடினால் மூளையில் கசியும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உன் இரவுகள் கழியும். ரத்தம் உறைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்து ஆக்சிஜனேட்டரையும் ஒவ்வோர் இணைப்பையும் பார். உச்சிக்குழி புடைத்திருக்கிறதா என்று தொட்டுப் பார். மானிட்டரில் எல்லாம் சரியாக இருக்கும்போதும் குழந்தைக்கு வலிப்பு வரலாம். ஆகவே தலை ஸ்கேனைத் தள்ளிப்போடவே விடாதே. கழுத்தின் வலப்பக்கத் தமனியில் குழாய் போட்டால், எடுக்கும்போது அந்தத் தமனியைப் பல நேரம் நிரந்தரமாகக் கட்டிவிட வேண்டியிருக்கும். கையெழுத்து வாங்கும் முன்பே பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வெளியூர் மருத்துவமனைகளிலிருந்து போன் வரும். நுரையீரல் எவ்வளவு மோசம் என்று காட்டும் ஆக்சிஜனேஷன் இண்டெக்ஸ் 40ஐத் தாண்டிய பிறகு ஆம்புலன்ஸில் ஏற்றினால் குழந்தை வழியில் தாங்காமல் போகலாம். 25 ஆனதுமே கூப்பிடச் சொல். நைட்ரிக் ஆக்சைடு கொடுத்ததில் குழந்தை தேறி, எக்மோ தேவைப்படாமலே போனால் சந்தோஷப்படு. வீணாகக் கூப்பிட்டதாக அந்த டாக்டரை ஒரு வார்த்தை சொல்லிவிடாதே; அடுத்த முறை அவர் தயங்குவார்.

அன்புடன்,
அக்கா