தொலைநோக்கிக் குழலைப் பற்றிய சில பிரமைகள்

ஆறங்குல ஆடியை மாதக்கணக்கில் பொறுமையோடு தேய்த்து, மெருகேற்றி, வெள்ளிப் பூச்சுக்கும் வழி செய்துவிட்ட ஆர்வலர்கள், கடைசியில் குழலுக்கு எதைக் கொள்வது என்ற கேள்வியில் வந்து தடுமாறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். உலோகம் எவ்வளவு உயர்ந்ததோ பிம்பமும் அவ்வளவு தெளிவு என்ற எண்ணம் எப்படியோ அவர்கள் மனத்தில் வேரூன்றிவிடுகிறது. பிம்பத்தை உண்டாக்குவது ஆடியே. குழலின் கடமையோ ஆடியையும், சாய்வான சிற்றாடியையும், கண்ணருகு வில்லையையும் ஒன்றுக்கொன்று அசையாமல் தாங்குவதும், அயல் வெளிச்சத்தைத் தடுப்பதும், இடையிலுள்ள காற்றைக் கலக்காமல் விடுவதும்தான்.

அட்டைக் குழல் விளையாட்டுச் சாமானுக்கே லாயக்கு என்பார் உண்டு. கலிபோர்னியாவில் ராமகிருஷ்ண இயக்கத்தைச் சேர்ந்த மடங்களில் 1944 முதல் 1967 வரை துறவியாக வாழ்ந்த ஜான் டாப்சன், கான்கிரீட் தூண் வார்ப்பதற்கான அட்டைக் குழல்களைக் கொண்டே பெரிய தொலைநோக்கிகளைச் செய்து, நடைபாதையில் நிறுத்தி, போவோர் வருவோருக்கெல்லாம் சனியின் வளையத்தைக் காட்டினார் என்பது இவர்களுக்குப் போதிய பதில். ஈரத்துக்கு அட்டை ஊறிப்போகும் என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. ஆனால் ஈரம் பெரும்பாலும் வெட்டுவாயின் வழியாகவே உள்ளே ஏறுகிறது. இரு முனைகளிலும், துளைகளின் விளிம்புகளிலும் வார்னிஷை இரண்டு மூன்று முறை ஊட்டிவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

உலோகம் சீக்கிரம் ஆறிவிடும், ஆகவே அதுவே உத்தமம் என்பது பாதி உண்மை. பாதி உண்மைதான் அதிகம் ஏமாற்றுகிறது. மெல்லிய தகடு விரைவில் ஆறிவிடுவது வாஸ்தவமே. ஆனால் தெளிந்த இரவில் ஆகாயத்தை நோக்கியிருக்கும் குழலின் மேற்புறம், தன் உஷ்ணத்தை வானத்துக்கு இறைத்துக்கொண்டே போய், சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அப்போது அதன் உட்புறத்தைத் தொட்ட காற்று கனத்துக் கீழே இறங்க, அந்த ஓட்டம் நட்சத்திர பிம்பத்தைக் கலைக்கிறது. வெப்பத்தை எளிதில் கடத்தாத அட்டையிலும் மரத்திலும் இந்தத் தொல்லை குறைவு. உலோகக் குழலுக்குள் தக்கைத் தகடு ஒட்டும் வழக்கம் வந்ததும் இதனால்தான். வெள்ளை வர்ணம் பூசினால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். வெள்ளை, பகல் வெயிலைத் திருப்புமேயன்றி, இரவில் உஷ்ணத்தை வெளியிடுவதில் கறுப்புக்குச் சற்றும் இளைத்ததன்று.

குழலுக்குள் காற்று கலங்குவதைக் கண்ணால் காண ஓர் எளிய பரிசோதனை உண்டு. பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, கண்ணருகு வில்லையைக் குவியத்திலிருந்து நகர்த்துங்கள். நட்சத்திரம் விரிந்து, நடுவில் சிற்றாடியின் கரிய நிழலோடு ஒளித்தட்டாகத் தெரியும். இப்போது குழலின் வாயில் கையை நீட்டினால், விரல் நுனிகளிலிருந்து வெதுவெதுப்பான காற்று சாம்பிராணிப் புகைபோல் எழுந்து நெளிவதை அந்தத் தட்டில் பார்க்கலாம். கையை எடுத்த பின்பும் நெளிவு ஓயவில்லையானால், பெரும்பாலும் குற்றவாளி குழலன்று, பகல் சூட்டை இன்னும் விடாத ஆடியின் தடித்த கண்ணாடியே. ஒரு மணி நேரம் முன்னதாக அதை வெளியே வைத்திருக்க வேண்டும்.

வெயிலில் நீளும் உலோகம் குவியத்தைக் கெடுக்கும் என்ற பயத்துக்கு அதிக இடமில்லை. 1200 மில்லிமீட்டர் அலுமினியம் பத்து டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது ஏறக்குறைய 0.28 மில்லிமீட்டர், திருகைச் சற்றே திருப்பினால் சரியாகிவிடும்.

மூடிய குழலே வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. 1860களின் தொடக்கத்தில் மால்ட்டாத் தீவில் வில்லியம் லாசல் நிறுவிய 48 அங்குலத் தொலைநோக்கிக்கு இரும்புப் பட்டைகளால் ஆன திறந்த கூடே இருந்தது. நாம் அப்படிச் செய்தால் தெருவிளக்கைத் தடுக்கக் கறுப்புத் துணி சுற்ற வேண்டும், அவ்வளவே.

பி.வி.சி. குழாய் இலேசானது என்பது கடைத்தெருப் பிரமை. அதன் அடர்த்தி அலுமினியத்தில் பாதிதான். ஆனால் அலுமினியத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தகடே போதுமாயிருக்க, இதற்குச் சுவர் ஐந்தாறு மில்லிமீட்டர் கனமிருப்பதால், தூக்கிப் பார்த்தால் மும்மடங்கு கனக்கும். ஆடிக்கு இறுகப் பொருந்தும் குழாயை வாங்குவதும் தவறு. 150 மில்லிமீட்டர் ஆடிக்கு உள்விட்டம் 180 ஆவது இருந்தால்தான் ஓரத்து ஒளி வெட்டுப்படாது, சுவரோரக் காற்றும் ஒளிப்பாதையை விட்டு விலகி ஓடும்.

உள்ளே கறுப்பு மை பூசிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறவர், பகலில் குழலின் ஒரு முனையில் கண்ணை வைத்து மறுமுனையைப் பார்க்கட்டும். அந்தக் கறுப்பே சாய்ந்த ஒளியில் எண்ணெய் தடவியதுபோல் பளபளக்கும். மையோடு மரத்தூளைக் கலந்து சொரசொரப்பாகப் பூசுவதே இதற்குப் பரிகாரம். காய்ந்த பிறகு, ஆடியைப் பொருத்துமுன், குழலைத் தலைகீழாக நிறுத்தி நன்றாகத் தட்டிவிடவும் வேண்டும். என் முதல் குழலில் அதை மறந்தேன், ஒரு மாதம் வரை ஆடியின்மேல் தச்சன் பட்டறைத் தூசு உதிர்ந்துகொண்டே இருந்தது.