பலகை பெரிது, நிற்க இடம் மூன்று பேருக்கு

கோவையில் பம்ப் செட் தயாரிக்கும் கம்பெனிகளுக்கு யோசனைக் கூட்டங்கள் நடத்திக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. இப்போது எந்த மீட்டிங் அறைக்குப் போனாலும் சுவரில் பெரிய டச் பேனல் இருக்கிறது. பெரும்பாலும் அதில் பவர்பாயின்ட்தான் ஓடுகிறது. அதை வைத்துக் குழுவாக யோசிக்கவும் முடியும், எப்போது ஆன் செய்வது என்று தெரிந்திருந்தால்.

யோசனைகள் பிறக்கும் நேரத்தில் நான் பேனலை அணைத்தே வைக்கிறேன். பிரெயின்ஸ்டார்மிங்கைப் பிரபலமாக்கிய அமெரிக்க விளம்பரக்காரர் அலெக்ஸ் ஆஸ்பர்ன், 1953-ல் வெளிவந்த தன் 'அப்ளைட் இமேஜினேஷன்' நூலில், கூடி யோசித்தால் யோசனை பெருகும் என்றார். 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது நேர்மாறாக வந்தது. தனித்தனியே யோசித்த நாலு பேரின் யோசனைகளைச் சேர்த்து எண்ணினால், கூடி உட்கார்ந்த நாலு பேர் சொன்னதைவிட அதிகம். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருப்பதுதான் பெரிய தடை என்று 1987-ல் டீல், ஸ்ட்ரோபே என்ற உளவியலாளர்கள் காட்டினார்கள். பேனல் முன்னால் வரிசை கட்டி நிற்பதும் அதே காத்திருப்புத்தான். 86 அங்குலத் திரையின் அகலம் சுமார் ஆறே கால் அடி. ஒரே நேரத்தில் இருபது விரல் வைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். தோள் இடிக்காமல் மூன்று பேர் நின்றால் பெரிது.

அதனால் முதலில் ஆளுக்கொரு பேனா, கையகலச் சீட்டுகள், பத்து நிமிடம் பேச்சில்லை. பிறகுதான் பேனல் உயிர் பெறும். சீட்டில் உள்ளதை அவரவரே வந்து திரையில் எழுதி ஒட்டுவார்கள்.

திரையின் அருமை அப்போது தெரியும். 'வைண்டிங் எரிந்து திரும்பி வரும் மோட்டார்களைக் குறைப்பது எப்படி' என்று ஒரு கூட்டம். டிசைன் பிரிவு 'ஓவர்லோடு' என்று எழுதியது. விற்பனைப் பிரிவு 'வாரன்டி தகராறு' என்று எழுதியது. சர்வீஸ் பையன் ஒருவன், 'ஒரு ஃபேஸ் போனாலும் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டுகிறார்கள்' என்று எழுதினான். மூன்றும் மூன்று மூலையில் கிடந்தன. யாரோ விரலால் இழுத்து அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அறையில் பேச்சே மாறிவிட்டது: மூன்றுமே தோட்டத்துக் கிணற்றில் நடக்கும் ஒரே சங்கதி. கெப்பாசிட்டர் போட்டு ஓட்டுவதால் ஓவர்லோடு, அதில் எரிந்த மோட்டாருக்குத்தான் வாரன்டி தகராறு. வெள்ளைப் பலகையில் இதற்கு அழித்து எழுத வேண்டும். அழிக்கிற சோம்பலில் எழுதியது எழுதிய இடத்திலேயே கிடக்கும்.

பேனா யார் கையில் என்பது அடுத்த விஷயம். மேனேஜர் கையில் இருந்தால், அவருக்குப் பிடிக்காத யோசனை சுருங்கி ஓரத்துக்குப் போய்விடும். அவர் அதை உணரக்கூட மாட்டார். "சார், நீங்க பின்னாடி உட்காருங்க, கடைசியா பேசுங்க" என்று கூட்டத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுவேன். எல்லார் முன்னாலும் சொன்னால் வம்பு. அழிக்கவும் யாருக்கும் அனுமதி கிடையாது. வேண்டாததை 'கிடப்பு' என்று எழுதிய மூலைக்குத் தள்ளலாம், அவ்வளவுதான்.

கருவியின் குணத்தையும் சொல்ல வேண்டும். மீட்டிங் அறைகளில் நான் பார்ப்பவற்றில் பல, சட்டத்துக்குள் ஓடும் அகச்சிவப்புக் கதிர் மறைவதை வைத்துத் தொடுதலை அறிபவை. விரல்தான் என்றில்லை, எது மறைத்தாலும் தொட்டதாகவே எடுத்துக்கொள்ளும்: முழுக்கைச் சட்டையின் மடிப்பு, புடவை முந்தானை, சாயங்காலம் வெளிச்சத்துக்கு வரும் பூச்சி. ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் தடுமாறலாம். கையெழுத்தை அச்செழுத்தாக மாற்றும் வசதியை நான் அணைத்துவிடுகிறேன். ஃபோர்மேன் எழுதிய தமிழை அது தப்பாகப் படிக்க, எல்லாரும் அதைத் திருத்துவதில் இறங்கிவிடுவார்கள். கிறுக்கலாகவே இருக்கட்டும், எழுதியவருக்குப் புரிந்தால் போதும்.

கூட்டம் கலைவதற்குள் பலகையை பிடிஎஃப் ஆக்கி எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். மென்பொருளை நம்பி விட்டுவைக்காதீர்கள். 55 அங்குலத் திரையோடு 2017-ல் விற்பனைக்கு வந்த கூகுள் ஜாம்போர்டு, 2024 டிசம்பரோடு மூடப்பட்டது.

பேனல் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஷோரூம் டெமோவைப் பார்த்து ஆர்டர் கொடுக்காதீர்கள். உங்கள் அறைக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். வெயில் ஏறிய நேரத்தில், உங்கள் ஆட்கள் மூன்று பேரை ஒரே சமயத்தில் தமிழில் எழுதச் சொல்லிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.