வீட்டுத் தோட்டத்திற்குரிய குட்டை மாமரங்கள்: வளரியல்பு குறித்து ஓர் ஆய்வு

2004ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த பின்னரும் பாலக்கோடு, காரிமங்கலம் பகுதிகளின் மாந்தோப்புகள் தருமபுரிக்கே உரியனவாக உள்ளன. ஆயினும் மூன்று சென்ட் மனையில் வீடு கட்டுவோர் முதற்கண் வெட்டி வீழ்த்துவது மாமரத்தையே. பத்து மீட்டர் இடைவெளி வேண்டும் பங்கனப்பள்ளியும் பெங்களூராவும் அத்தகைய மனைக்குப் பொருந்தா. கிளை அயலார் மாடியைத் தொட்டால் மனத்தாங்கல் பிறக்கிறது. மரம் வேண்டும், மனையோ சிறிது என்னும் இவ்விடர்ப்பாட்டிற்குக் குட்டை வகைகள் விடையாகுமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

மரத்தின் உறுப்புகளுக்குத் தளிர், இலை, சினை, அரும்பு, நனை எனத் தனித்தனிப் பெயர் வகுத்தது தொல்காப்பிய மரபியல். மாவின் வளர்ச்சியை உணர இப்பெயர்கள் இன்றும் துணைபுரிகின்றன. மா இடையறாது வளர்வதன்று. ஒருமுறை தளிர்த்து, இலை முற்றி, ஓய்ந்து, மீண்டும் தளிர்க்கும். குட்டை வகைகளில் ஒவ்வொரு தளிர்ப்பிலும் நீளும் தண்டு குறுகியது, கணுக்கள் நெருங்கியவை. பூங்கொத்து பெரும்பாலும் முற்றிய சினையின் நுனியிலேயே தோன்றும். இதனை மறந்து கத்தரி எடுப்போர் காய் இழப்பர்.

புதுதில்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் வெளியிட்ட ஆம்ரபாலி, வடநாட்டுத் தசேரியைத் தாயாகவும் நம் தென்னாட்டு நீலத்தைத் தந்தையாகவும் கொண்டது. ஆண்டு விட்டு ஆண்டு காய்க்கும் தசேரியின் குறையை, ஆண்டுதோறும் காய்க்கும் நீலம் ஈடுசெய்தது. இரண்டரை மீட்டர் இடைவெளியில் எக்டேருக்கு 1600 மரங்கள் நட ஏற்றதென இவ்வகை பரிந்துரைக்கப்பட்டது. அதே பெற்றோரை இடம் மாற்றிக் கலந்து பெற்ற மல்லிகா அத்துணைக் குட்டையன்று. பெற்றோர் இருவரும் கலப்பு மரபினர் ஆதலின் உடன்பிறந்தார் இயல்பு வேறுபடுதல் வியப்பன்று. பழைய தருமபுரி மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் நீலத்திலிருந்தே தெரிந்தெடுத்த பையூர் 1 என்னும் வகையும் குட்டையானதே. நம் மண்ணிற்கு இதனையே நாம் முதலில் பரிந்துரைப்போம்.

எனினும் 'குட்டை' என்ற சொல்லை நம்பி வாளாவிருத்தல் கூடாது. கவாத்துச் செய்யாத ஆம்ரபாலியும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அடர்ந்து இருண்டு காய்ப்புக் குன்றும். நட்ட கன்று இடுப்பளவு உயர்ந்ததும் நுனியைக் கிள்ளி, வெவ்வேறு திசை நோக்கிய மூன்று நான்கு சினைகளை மட்டும் விடுதல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து எழும் தளிரை உடனுக்குடன் களைக. முதல் இரண்டு மூன்று ஆண்டுப் பூவைக் கிள்ளி எறிதல் இல்லத்துச் சிறுவர்க்கு வருத்தம் தரும். ஆயினும் இளமரம் வலுப்பெற அதுவே வழி.

காய்க்கத் தொடங்கிய மரத்தை அறுவடை முடிந்தவுடன், ஆடி ஆவணிக்குள், கவாத்துச் செய்க. அப்போது எழும் தளிர் மார்கழி தைக்குள் முற்றிப் பூக்கும். ஐப்பசிக்குப் பின் வெட்டினால் வருவது இலையே. அவ்வாண்டுக் காய்ப்பை மறந்துவிட வேண்டியதுதான்.