மஞ்சள் சட்டைகளின் பிரியாவிடை



பேஸ்பாலில் மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவர் பிட்சர் எனப்படுகிறார்; கிரிக்கெட் பந்துவீச்சாளரைப் போல ஓவருக்கு ஓவர் மாறாமல், தோள் தாங்கும் வரை ஒரே மண்மேட்டில் நின்று எறிபவர் என்பதால், அணியின் வெற்றியும் தோல்வியும் ஒரு பிட்சரின் பெயரிலேயே பதிவாகின்றன. அந்தப் பதிவு ஒருவரின் திறமையை எவ்வளவு மறைக்கக்கூடும் என்பதற்கு, 2005 முதல் 2019 வரை சியாட்டில் மரினர்ஸ் அணிக்காக எறிந்த ஃபெலிக்ஸ் எர்னாண்டஸைவிடப் பொருத்தமான சான்று அரிது.

வெனிசுவேலாவின் வலென்சியாவில் பிறந்து, 19 வயதிலேயே அமெரிக்காவின் முதல்நிலைப் போட்டிகளுக்கு வந்துவிட்ட அவரை ரசிகர்கள் 'கிங்' என்றே அழைத்தனர். 2010இல் அவர் பெயரில் 13 வெற்றிகளும் 12 தோல்விகளும் பதிவாயின. ஏட்டை மட்டும் பார்ப்பவருக்கு அது சுமாரான ஆண்டு. ஆனால், சக ஆட்டக்காரர்களின் தவறுகளால் விளைந்த ரன்களை நீக்கிவிட்டு, 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் கொடுத்தார் என்று கணக்கிட்டால் கிடைக்கும் எண் 2.27; அவருடைய அணி ஆடிய அமெரிக்கன் லீகில் அந்த ஆண்டு அதைவிடக் குறைந்த எண் யாருக்கும் இல்லை. தோல்விகளுக்குக் காரணம் வேறிடத்தில் இருந்தது: அவருடைய அணி 162 ஆட்டங்களிலும் சேர்த்து 513 ரன்களே எடுத்தது. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்கே கிடைத்தது நியாயத்தின் வெற்றி.

சியாட்டில் ரசிகர்களும் அவரைத் தங்கள் வழியில் கொண்டாடினர். 2011 முதல், அவர் எறியும் நாட்களில், மைதானத்தின் இடப்பக்கப் பகுதியொன்று 'கிங்ஸ் கோர்ட்', அதாவது அரசவை, ஆயிற்று. மூன்று ஸ்ட்ரைக்குகளில் மட்டையாளர் ஆட்டமிழப்பதை ஸ்கோர் ஏட்டில் ஆங்கில 'கே' எழுத்தால் குறிப்பது வழக்கம் என்பதால், இரண்டாவது ஸ்ட்ரைக் விழுந்ததுமே மஞ்சள் சட்டையணிந்த அந்தக் கூட்டம் எழுந்து நின்று, மஞ்சள் அட்டைகளை உயர்த்தி, 'கே, கே' என்று முழங்கும்.

2012 ஆகஸ்ட் 15 அன்று மட்டை பிடிக்க வந்த 27 முறையும் டாம்பா பே ரேஸ் அணியினர் ஒருவரைக்கூட முதல் பேஸை எட்டவிடாமல், 'பெர்ஃபெக்ட் கேம்' எனும் அரிய சாதனையை அவர் நிகழ்த்தினார். அன்றும் அவருடைய அணி எடுத்தது ஒரே ரன்தான். மறு ஆண்டு 17.5 கோடி டாலருக்கு 7 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டபோது, செய்தியாளர்கள் முன்னிலையில் அவர் கண்ணீர் விட்டார். அந்த 15 பருவங்களில் ஒருமுறைகூட மரினர்ஸ் இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறவில்லை.

பந்தின் வேகம் முன்பே குறைந்துபோயிருந்த நிலையில், 2019 செப்டம்பர் 26 அன்று ஓக்லாண்ட் அணிக்கு எதிராக அவர் கடைசியாக எறிந்தார். 2,524 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கிய அந்தக் கை ஆறாவது இன்னிங்ஸின் நடுவில் ஓய்ந்தது. அரங்கம் முழுவதும் எழுந்து நிற்க, அவர் கலங்கிய கண்களோடு மேட்டை விட்டு இறங்கினார். ஏட்டில் அன்று அவர் பெயருக்கு நேரே தோல்வி என்றே எழுதப்பட்டது. ஆட்டம் முடிந்த பின்னும் மஞ்சள் சட்டைக்காரர்கள் கலையாமல் காத்திருந்தனர். அவர் அவர்களை நோக்கி நடந்து சென்றார்.