ஐப்பசி மழையும் இழுப்புக்காரரும்

வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டபடியால், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே வாழும் ஸ்ரீரங்கத்தாரும், திருச்சி மலைக்கோட்டையைச் சுற்றிய நெருக்கமான தெருக்களில் குடியிருப்போரும், தம் வீட்டில் இழுப்போ ஓயாத தும்மலோ உடையவர்கள் இருப்பார்களாயின், கார்த்திகை முடியும் வரையில் விசேஷ ஜாக்கிரதையோடு இருத்தல் அவசியம்.

மேல்நாட்டு நகரங்களில், ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் 1952-ல் அறிமுகப்படுத்திய கருவியின் வழிவந்த யந்திரங்கள், நிமிஷத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள மகரந்தத்தையும் பூஞ்சை வித்துக்களையும் பசையில் ஒட்டவைத்துக் கொடுக்க, அவற்றை எண்ணி வரும் நாட்களின் நிலையை முன்னறிவிக்கிறார்கள். சண்டிகருக்கு 2022-ல் மகரந்தப் பஞ்சாங்கமே வெளியாயிற்று. நமக்கும் அப்படியொன்று வேண்டும். தூய வளனார் கல்லூரியில் இயேசு சபைத் துறவி கே. எம். மாத்யூ 1967-ல் தொடங்கிய ராபினாட் ஹெர்பேரியத்தில், பறித்த தேதியோடு பாடம்பண்ணி வைத்திருக்கும் செடிகள் அதற்கு நல்ல அஸ்திவாரமாகும் என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

அதுவரையில் மழையே நமக்குக் குறி. நல்ல மழை பெய்த தேதியைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஈரத்தில் காலிமனைகளில் முளைக்கும், மகரந்தத்தால் ஒவ்வாமை தரும் பார்த்தீனியம் என்ற களை, நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள் பூத்துவிடும். காரட் இலைபோல் பிளந்த அதன் இலையைக் கண்டவுடன், மண் நெகிழ்ந்திருக்கும்போதே, பூவெடுப்பதற்கு முன்பாக, ஒவ்வாமை இல்லாத ஒருவர் கையுறை அணிந்து வேரோடு பிடுங்கிவிட வேண்டும்.

வெளியே பார்த்தீனியம் என்றால், வீட்டுக்குள் பூசணம். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில், பீரோவை ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள். சுண்ணாம்பின்மேல் சாம்பல் பச்சையாய்ப் படர்ந்திருக்கும். அதன் வித்துக்களிற் சில இரண்டு மூன்று மைக்ரான் அளவே ஆதலால், மூக்கைத் தாண்டி நுரையீரலின் ஆழத்துக்கே போய்விடும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அவை அறை முழுதும் பறக்கும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் நனைத்த துணியால் துடைத்தெடுங்கள். வெயில் முகம் காட்டும் வேளைகளில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஈரத்துணியை நோயாளியின் அறையில் உலர்த்தாதீர்கள். சாம்பிராணிப் புகையும் அங்கே வேண்டாம். நனைந்து மக்கிய வைக்கோலை நோயாளிகள் கிளறலாகாது.

இடியோடு புயற்காற்று எழும்போது கதவடைத்து உள்ளேயே இருங்கள். மெல்போர்ன் நகரில் 2016 நவம்பர் 21 மாலையில், புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்துச் சிதறிக் காற்றோடு கலந்ததால், ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி, பத்துப்பேர் மாண்டார்கள்.

மருத்துவர் அன்றாடம் உறிஞ்சச் சொன்ன தடுப்பு மருந்தை, மூச்சு இலேசானவுடன் நிறுத்திவிடுவது நம்மிடையே மிகுந்த வழக்கம். இம்மாதங்களில் அது பேராபத்து. உடனடி நிவாரண இன்ஹேலரைத் தலைமாட்டில் வையுங்கள். அதற்கும் தணியாமல், ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மூச்சுப் போதாவிடில், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.